உறைந்த ஏரியும் பேரரசர் தோட்டமும்: குளிர்காலத்தில் குடும்பத்தோடு பெய்ஜிங் போக ஒரு முழுமையான வழிகாட்டி

பெய்ஜிங் அரச தோட்டங்களுக்கு வசந்தத்தில் போங்கள், இல்லையென்றால் அக்டோபரில் போங்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நாங்கள் முதல் முறை அப்படித்தான் போனோம். அக்டோபர் முதல் வாரம், சீனாவின் தேசிய விடுமுறை. கூட்டத்தில் மகனின் கையை விடாமல் பிடித்திருந்தது நினைவிருக்கிறது, தோட்டம் நினைவில்லை. இரண்டாம் முறை ஜனவரியில், இரண்டு குழந்தைகளோடும் 68 வயது அம்மாவோடும் போனோம். அந்தப் பயணத்தில்தான் அந்தத் தோட்டங்கள் எனக்குப் புரிந்தன.

கோலத்தில் கோடு இழுக்கும் முன் புள்ளிகள் மட்டும் இருக்கும்போது அதன் கணக்கு தெரியும் இல்லையா, அதுபோலத்தான். இலைகள் எல்லாம் உதிர்ந்துபோய், எந்த மண்டபத்திலிருந்து எந்த மலை தெரிய வேண்டும் என்று நினைத்து வைத்தார்கள் என்பது அப்படியே கண்ணில் படுகிறது. ஏரி உறைந்து வெள்ளைத் தரையாகக் கிடக்கிறது. அந்தப் பனித்தரையில் விளையாடுவது நம் காலத்துக் கேளிக்கை இல்லை, அரச குடும்பமே அதை விழாவாகக் கொண்டாடியது. ஆக, குளிர்காலத்தில் போகிறவர்கள் தோட்டத்தின் ஒரு பாதியை இழப்பதில்லை. மற்றவர்கள் பார்க்காத பாதியைப் பார்க்கிறார்கள்.

முதலில் தேதி: ஒன்பது ஒன்பதாக எண்ணுங்கள்

பகல் மிகக் குறுகிய நாளான டிசம்பர் 21 அல்லது 22ஐச் சீனர்கள் தோங்ஜீ என்கிறார்கள். அன்றிலிருந்து ஒன்பது நாள் வீதம் ஒன்பது பகுதிகளாக, மொத்தம் 81 நாள் எண்ணினால் குளிர் போய்விடும் என்பது பழைய கணக்கு. வட சீனக் குழந்தைகளுக்கு இதற்கு ஒரு பாட்டே உண்டு. முதல் இரண்டு ஒன்பதில் கையை வெளியே எடுக்காதே, மூன்றாவது நான்காவது ஒன்பதில் பனிக்கட்டி மேல் நட, ஐந்தாவது ஆறாவதில் ஆற்றங்கரை வில்லோ மரங்களைப் பார், ஏழாவதில் ஆறு திறக்கும் என்று அது போகும்.

பயணத் தேதியை முடிவு செய்ய இதைவிட நல்ல நாள்காட்டி எனக்குக் கிடைக்கவில்லை. மூன்றாவது, நான்காவது ஒன்பது என்பது ஏறக்குறைய ஜனவரி 8 முதல் 25 வரை. ஏரிப் பனித்தளங்கள் பெரும்பாலும் இந்த நாட்களில்தான் உறுதியாகத் திறந்திருக்கும். பொங்கல் விடுமுறையும் இதற்குள் விழுகிறது. அரையாண்டு விடுமுறையில், டிசம்பர் கடைசியில் போனால் சூரியக் காட்சி ஒன்று கிடைக்கும் (கீழே சொல்கிறேன்), ஆனால் கோடைக்கால அரண்மனையின் குன்மிங் ஏரி மேல் இறங்க முடியாமல் போகலாம். சீனப் புத்தாண்டு ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் ஏதாவது ஒரு நாளில் வரும். அந்த வாரத்தை மட்டும் கண்டிப்பாகத் தவிர்த்துவிடுங்கள். டிக்கெட் விலையும் கூட்டமும் வேறு மாதிரி இருக்கும்.

குழந்தைகள் இருந்தால் தோங்ஜீ அன்று ஒரு தாளில் ஒன்பது பூக்கள் வரையச் சொல்லுங்கள், பூவுக்கு ஒன்பது இதழ். ஒரு நாளைக்கு ஓர் இதழுக்கு வண்ணம் தீட்ட வேண்டும். சீனாவில் பிளம் பூவை வைத்துப் பல நூற்றாண்டுகளாகச் செய்துவரும் வழக்கம் இது. எங்கள் மகள் கிளம்பும் முன்பே மூன்று பூ முடித்திருந்தாள். விமானம் ஏறும்போதே அவளுக்கு அந்த ஊர்க் குளிரோடு ஓர் உறவு வந்துவிட்டது.

விசா, பணம், செல்போன்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு என்றால் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். பணம் செலுத்த உதவும் அலிபே செயலியில் ஊரிலிருந்தே உங்கள் கார்டை இணைத்துச் சரிபார்த்துவிடுங்கள். பெய்ஜிங்கில் வறுத்த செஸ்ட்நட் விற்பவரிடமும் கியூஆர் அட்டைதான் இருக்கும். கூகுள், வாட்ஸ்அப் அங்கே இயங்காது. ரோமிங் சிம் போட்டால் அந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். எங்கு போனாலும் அசல் கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும், நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்தில் கேட்பார்கள்.

தங்குமிடத்தை மெட்ரோ 4ஆம் தடத்தை ஒட்டிப் பாருங்கள். கோடைக்கால அரண்மனை, யுவான்மிங்யுவான் என்ற பழைய கோடைக்கால அரண்மனை இரண்டும் அந்தத் தடத்தில் இருக்கின்றன. 6ஆம் தடத்துக்கு மாறினால் பெய்ஹாய் என்ற ஏரிப் பூங்கா.

உடை

ஜனவரியில் பெய்ஜிங்கில் பகலில் 2 டிகிரி, இரவில் மைனஸ் 8 என்பது சாதாரணம். மழை இல்லை, பனிப்பொழிவும் அரிது, வெயில் பளிச்சென்று அடிக்கும். படுத்துவது குளிரைவிட வடக்கிலிருந்து வரும் காற்றுதான். அந்தக் காற்றுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. பலமாக வீசிய மறுநாள் புகைமூட்டம் எல்லாம் போய் வானம் நீலமாக இருக்கும். ஏரிக்கரைத் தோட்டத்தை அந்த மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே தடிமனான கோட்டை நம்பாதீர்கள். உடம்போடு ஒட்டிய தெர்மல், அதன் மேல் கம்பளி, அதன் மேல் காற்று புகாத ஜாக்கெட் என்று மூன்று அடுக்கு வேண்டும். நவம்பர் நடுவிலிருந்து மார்ச் நடுவரை நகரம் முழுக்க மைய வெப்ப வசதி ஓடும், அதனால் மெட்ரோவிலும் உணவகத்திலும் வியர்த்துக் கொட்டும். கழற்றி மாட்ட எளிதாக இருப்பதுதான் முக்கியம். காதை மூடும் குரங்குக் குல்லா ஆளுக்கொன்று. பெரியவர்கள் கூச்சப்பட வேண்டாம், அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. குழந்தைகளின் கையுறைகளை நூலால் இணைத்து ஜாக்கெட் கைக்குள் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் முதல் நாளே ஒன்று தொலையும். தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ வேண்டும். கல் தரையிலிருந்து ஏறும் குளிர்தான் அம்மாவை முதல் நாள் உட்கார வைத்துவிட்டது. அடுத்த நாள் ஷூவுக்குள் ஒட்டும் வெப்பப் பட்டைகளை வாங்கினோம். நுவான்பாவ்பாவ் என்று கேட்டால் எந்தக் கடையிலும் கிடைக்கும். தோலில் நேரடியாக மட்டும் ஒட்டாதீர்கள், சுட்டுவிடும்.

காற்றில் ஈரமே இருக்காது. உதடு வெடிக்கும், சில குழந்தைகளுக்கு மூக்கிலிருந்து ரத்தம்கூட வரும். வாசலின் கொண்டுபோங்கள். தேங்காய் எண்ணெய் பைக்குள்ளேயே கட்டியாகிவிடும். ஒரு நல்ல பிளாஸ்க் கட்டாயம், சீனர்கள் எங்கும் வெந்நீர் குடிப்பவர்கள் என்பதால் நிரப்பிக்கொள்ளச் சிரமமில்லை. செல்போன் குளிரில் சட்டென்று சார்ஜ் இழக்கும், உள்பையில் உடம்புச் சூட்டோடு வையுங்கள்.

ஒரு நாளுக்கு ஒரு தோட்டம்

இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். முதல் பயணத்தில் ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளர் மூன்று தோட்டங்களை ஒரே நாளில் அடைத்து, இடையில் ஒரு பட்டுக்கடையையும் நுழைத்தார். எதையும் பார்த்ததாகவே இல்லை. குளிர்காலத்தில் பகல் வேறு சின்னது. ஏழரைக்குத்தான் விடியும், ஐந்து மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். காலை பத்து மணிக்குக் கிளம்பி, மதியம் ஒரு மணி நேரம் சூடான இடத்தில் உட்கார்ந்து, அஸ்தமனத்தோடு முடிக்க வேண்டும். அதற்கு ஒரு தோட்டம்தான் தாங்கும்.

முதல் நாள்: கோடைக்கால அரண்மனை

சீனப் பெயர் யீஹயுவான். பரப்பு ஏறக்குறைய 290 ஹெக்டேர், அதில் முக்கால் பங்கு தண்ணீர். 1750இல் பேரரசர் சியன்லோங் தன் தாயின் அறுபதாம் ஆண்டு விழாவுக்காக இதைக் கட்டத் தொடங்கினார். சஷ்டியப்தபூர்த்திக்கு ஒரு மகன் ஏரியையும் மலையையும் பரிசாகச் செய்திருக்கிறார் என்று அம்மாவிடம் சொன்னேன், அன்று முழுக்க அவர் கால்வலி சொல்லவில்லை. 1860இல் ஆங்கில, பிரெஞ்சுப் படைகள் எரித்தன. பேரரசித் தாய் சிசி அதை மீண்டும் எழுப்பி 1888இல் இப்போதைய பெயரைச் சூட்டினார். 1998 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது.

நவம்பர் முதல் மார்ச் முடிய நுழைவுச்சீட்டு 20 யுவான், உள்வளாகங்களும் சேர்த்து 50. முழுச்சீட்டே வாங்குங்கள். உள்வளாகங்களைக் குளிர்காலத்தில் சீக்கிரம் மூடிவிடுவார்கள், அதனால் அவற்றை முன்னதாகப் பார்த்துவிட வேண்டும்.

வாசல் விஷயத்தில் பலர் தவறுகிறார்கள். மெட்ரோ வரைபடத்தில் பெய்கோங்மென் நிலையம் மிகப் பக்கத்தில் தெரியும். அங்கே இறங்கினால் வடக்கு வாசல். உள்ளே நுழைந்ததும் நீள்வாழ்வுக் குன்றின் பின்புறம் செங்குத்தான படிகள். இளைஞர்களுக்குச் சரி, தாத்தா பாட்டியோடு வேண்டாம். ஒரு நிலையம் முன்னால் ஷியுவானில் இறங்கிக் கால் மணி நேரம் நடந்து கிழக்கு வாசலுக்குப் போங்கள். அங்கிருந்து ஏரிக்கரைவரை சமதளம்தான்.

கிழக்கு வாசலிலிருந்து முதலில் தர்பார் மண்டபம், அப்புறம் சிசிக்காகக் கட்டிய மூன்றடுக்கு நாடக மேடை. பக்கத்திலேயே யூலான்தாங். சீர்திருத்தம் செய்ய முயன்ற பேரரசர் குவாங்சுவை 1898க்குப் பிறகு சிசி இங்கே அடைத்து வைத்தார். பக்கவாட்டு அறைகளில் எழுப்பிய செங்கல் சுவரை இன்றும் பார்க்கலாம். சுற்றிலும் மண்டபங்கள், எதிரே ஏரி, நடுவில் வெளியே போக முடியாத ஓர் அரசன். அந்த முற்றத்தில் குளிர் கொஞ்சம் கூடுதலாகவே தெரிந்தது எனக்கு.

அதைத் தாண்டினால் நீள் நடைமண்டபம். 728 மீட்டர், 273 பகுதிகள், உத்தரங்களில் ஆயிரக்கணக்கான ஓவியங்கள். குழந்தைகளை வெறுமனே நடக்கச் சொன்னால் பாதியில் உட்கார்ந்துவிடுவார்கள். குரங்கு மன்னன் சுன் வூகோங்கைக் கண்டுபிடித்தால் ஒரு மிட்டாய் என்று சொல்லிப் பாருங்கள். கையில் தடியோடு இருப்பவரை எங்கள் மகன் அனுமார் என்றே கூவினான், நான் திருத்தவில்லை. மண்டபத்தின் நடுவிலிருந்து மேலே ஏறினால் 41 மீட்டர் உயரமுள்ள புத்த தூபக் கோபுரம். முழங்கால் நன்றாக இருப்பவர்கள் ஏறட்டும், மற்றவர்கள் கீழே வெயிலில் உட்காரலாம். மேலே போனால் மேற்குப் பக்கம் பாருங்கள். தூரத்து மலைமேல் ஒரு கோபுரம் தெரியும். அது இந்தத் தோட்டத்துக்குள் இல்லை, பக்கத்து ஜேட் ஊற்று மலையில் இருக்கிறது. வெளியே இருப்பதையும் உள்ளே இருப்பதுபோல் சேர்த்துக்கொள்வதைச் சீனத் தோட்டக்கலையில் காட்சியைக் கடன் வாங்குவது என்பார்கள். இலை உதிர்ந்த ஜனவரியில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

நடைமண்டபத்தின் மறுமுனைக்கு அப்பால் புகழ்பெற்ற பளிங்குப் படகு. அடிப்பகுதி மட்டும்தான் கல், மேலே இருப்பது பளிங்குபோல் வண்ணம் பூசிய மரம். கடற்படைக்கான பணம் இந்தத் தோட்டத்துக்குப் போனது என்பதும், 1894, 95இல் ஜப்பானிடம் சீனக் கடற்படை தோற்றது என்பதும் தெரிந்தபின் பார்த்தால் அந்த ஓடாத படகு வேறு மாதிரி தெரியும். ஆனால் ஒரு எச்சரிக்கை: குளிர்காலத்தில் ஏரியில் படகு ஓடாது. அங்கிருந்து அடுத்த இடத்துக்குத் திரும்ப நடந்தே ஆக வேண்டும். வயதானவர்களோடு என்றால் அதை விட்டுவிட்டு நடைமண்டபத்தின் நடுவிலேயே திரும்பிவிடுங்கள்.

மூன்று மணிக்குள் கிழக்குக் கரை வழியாகப் பதினேழு வளைவுப் பாலத்துக்கு வந்துவிடுங்கள். நீளம் 150 மீட்டர், தூண்களின் மேல் 544 கல் சிங்கங்கள். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் நடு வளைவு ஒன்பதாவதாக வரும். ஒன்பது பேரரசரின் எண், அதனால்தான் பதினேழு. பாலத்தருகே 1755இல் வார்த்த வெண்கல எருது ஒன்று படுத்திருக்கிறது. ஏரி வெள்ளத்தை அடக்கட்டும் என்று வைத்தது.

தோங்ஜீயை ஒட்டிய சில வாரங்களில் சூரியன் தென்மேற்கில் மிகத் தாழ்வாக இறங்கும். மாலை நான்கு மணி வாக்கில் அந்த ஒளி பாலத்தின் பதினேழு வளைவுகளுக்குள்ளும் நுழைந்து உட்சுவரைப் பொன்னிறமாக்கும். பெய்ஜிங்வாசிகள் கேமராவோடு திரண்டு வருவார்கள். எங்கே நிற்பது என்று யோசிக்கவே வேண்டாம், முக்காலிகள் வரிசையாக நிற்கும் இடம்தான். அன்று வானம் தெளிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நாங்கள் போன ஜனவரி நடுவில் ஒளி கொஞ்சம் மங்கியிருந்தது, அப்படியும் யாரும் பேசவில்லை. வெளியேறப் பக்கத்திலேயே இருக்கும் புது அரண்மனை வாசல் போதும், திரும்பக் கிழக்கு வாசல்வரை நடக்க வேண்டாம்.

பனித்தளத்தில் இறங்கும்போது

குன்மிங் ஏரி, பெய்ஹாய், அதன் பக்கத்து ஷிச்சாஹாய் மூன்றிலும் குளிர் போதுமானால் பனித்தளம் திறப்பார்கள். தடிமனை அளந்து பார்த்துத்தான் திறப்பார்கள், அதனால் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். வேலி போட்டுக் கட்டணம் வாங்கும் பகுதிக்குள் மட்டும் இறங்குங்கள். உள்ளூர்க்காரர் யாராவது வேலிக்கு வெளியே நடந்துபோனாலும் பின்தொடராதீர்கள். பாலத்தடியிலும் கரையோரத்திலும் பனி மெலிந்திருக்கும்.

சறுக்கத் தெரியாதவர்களுக்குப் பிங்ச்ச என்ற சறுக்கு நாற்காலி இருக்கிறது. நாற்காலிக்கு அடியில் இரும்புப் பட்டை, கையில் இரண்டு கம்பி, குத்தித் தள்ளிப் போக வேண்டியதுதான். இரண்டு பேர் உட்காரும் நாற்காலியும் உண்டு. அம்மாவை உட்கார வைத்துப் பேரப்பிள்ளைகள் பின்னாலிருந்து தள்ளினார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டுதான் தருவார்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். விழும்போது கையை ஊன்றாமல் பக்கவாட்டில் சாயச் சொல்லிக் கொடுங்கள். முக்கால் மணிக்கு ஒருமுறை கரையேறி வெந்நீர் குடிக்க வைப்பது நல்லது, விளையாடும் குழந்தைக்குக் குளிர் தெரியாது.

இரண்டாம் நாள்: பெய்ஹாய்

குளிர்காலக் கட்டணம் வெறும் 5 யுவான். அந்தக் காசுக்கு இவ்வளவு வரலாறு வேறெங்கும் கிடைக்காது. மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான் தன் தலைநகரை இந்த ஏரித்தீவைச் சுற்றித்தான் அமைத்தார். தெற்கு வாசல் அருகேயுள்ள வட்டக்கோட்டையில் அவர் காலத்து மாபெரும் ஜேட் மதுக்குடம் இருக்கிறது. தீவின் உச்சியில் 1651இல் கட்டிய வெள்ளைத் தூபி. தீவிலிருந்து இறங்கிக் கிழக்குக் கரையோடு நடந்து வடக்கே சுற்றினால் ஒன்பது நாகச் சுவர். 1756இல் வண்ண ஓடுகளால் ஆனது, இரு பக்கமும் ஒன்பது ஒன்பது நாகங்கள். அங்கிருந்து வடக்கு வாசல், எதிரே மெட்ரோ. இந்த வழியில் ஏற்றம் தீவு மட்டும்தான்.

ஏரியைப் பார்க்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். சியன்லோங்கின் சிங் அரச மரபினர் மஞ்சூரியாவிலிருந்து வந்தவர்கள், பனிச்சறுக்கு அவர்களுடைய வீரர்களின் பயிற்சி. சியன்லோங் அதை நாட்டு வழக்கம் என்றே சிறப்பித்தார். குளிர்காலத்தில் இந்த ஏரியில் படைவீரர்கள் நாகம் வளைவதுபோல் நீண்ட வரிசையில் சறுக்கி வந்து, தொங்கும் பந்தின் மேல் ஓட்டத்திலேயே அம்பு எய்வார்கள். பேரரசர் சறுக்குப் பல்லக்கில் அமர்ந்து பார்ப்பார். இதைக் கேட்டபின் என் மகன் நாற்காலியைத் தள்ளவில்லை, படை நடத்தினான்.

சாப்பாட்டுக்கு: ஏரியின் வடகரையில் 1925இல் தொடங்கிய ஃபாங்ஷான் என்ற உணவகத்தின் பேர்போன பண்டம் வான்தோஹ்வாங். பட்டாணியை வேகவைத்து மசித்துச் சர்க்கரை சேர்த்து இறுகவைத்த மஞ்சள் வில்லை. போளிப் பூரணத்தைக் குளிரவைத்து வெட்டினால் எப்படியோ அப்படி, அம்மா மூன்று சாப்பிட்டார். சைவர்கள் "மாமிசம், முட்டை, மீன், பன்றிக் கொழுப்பு வேண்டாம்" என்று சீன மொழியில் செல்போனில் சேமித்துக் காட்டுங்கள். கொழுப்பைத் தனியாகச் சொல்லாவிட்டால் கீரையிலும் வந்துவிடும். தெருவில் விற்கும் தாங்ஹுலு, அதாவது புளிப்புப் பழத்தைக் குச்சியில் கோத்துச் சர்க்கரைப் பாகில் முக்கியது, சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு இரண்டும் கவலையில்லாமல் வாங்கலாம்.

மூன்றாம் நாள்: யுவான்மிங்யுவான்

சிறு குழந்தைகள் மட்டும் இருந்தால் இதை விட்டுவிடலாம். பத்து வயதுக்கு மேல் என்றால் கட்டாயம் அழைத்துப்போங்கள். 1707இல் தொடங்கி ஐந்து பேரரசர்கள் வாழ்ந்த, 350 ஹெக்டேர் தோட்டம். 1860 அக்டோபரில் பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபுவின் உத்தரவில் எரிந்தது. பேச்சுவார்த்தைக்குப் போனவர்களைச் சீனத் தரப்பு பிடித்து வதைத்ததற்குப் பழி என்றார்கள், அதற்கு முன்பே கொள்ளை முடிந்திருந்தது. மரக் கட்டடங்கள் சாம்பலாகின. ஐரோப்பியப் பாணிக் கல் மாளிகைகளின் தூண்கள் மட்டும் நிற்கின்றன. மொட்டை மரங்களுக்கு நடுவே அந்தத் தூண்களைப் பார்க்கக் குளிர்காலமே சரி.

அந்த ஆங்கிலப் படையில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். சென்னை ராஜதானியின் மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைப்பிரிவுக்கு 'பீக்கின் 1860' என்ற போர் விருது உண்டு (பீக்கின் என்பது பெய்ஜிங்கின் பழைய ஆங்கிலப் பெயர்). தமிழும் தெலுங்கும் பேசிய மனிதர்கள் அந்தப் படையெடுப்பில் இங்கே வந்தார்கள். பிள்ளைகளிடம் இதை மறைக்காமல் சொன்னேன். மகள் நீண்ட நேரம் ஒரு தூணைத் தொட்டுக்கொண்டு நின்றாள்.

இங்கே பன்னிரண்டு விலங்குத் தலைகளோடு ஒரு நீர்க்கடிகாரம் இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு விலங்கு தண்ணீர் பீய்ச்சும், நண்பகலில் பன்னிரண்டும் சேர்ந்து. தலைகள் கொள்ளை போயின. குதிரைத் தலை மட்டும் 2020 டிசம்பரில் தோட்டத்துக்கே திரும்பிவந்தது, ஜெங்ஜுவே கோயிலில் வைத்திருக்கிறார்கள். கல் மாளிகைப் பகுதிக்குத் தனிக் கட்டணம் உண்டு. அங்கேயே சீரமைத்த ஒரு சுவர்ப் புதிரும் இருக்கிறது, மனம் கனத்த பிள்ளைகளை அதற்குள் ஓட விடுங்கள்.

ஒரு நாளைச் சும்மா வையுங்கள்

காற்று ஓயாமல் அடிக்கும் நாளில் அறையில் இருக்க அது உதவும். ஆனால் நான் அதை வைக்கச் சொல்வது வேறொன்றுக்காக. பெய்ஜிங்கில் பனி எப்போதாவதுதான் பெய்யும். நீங்கள் இருக்கும்போது இரவில் பெய்துவிட்டால் மற்ற திட்டங்களையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு, விடிவதற்கு முன்பே ஜிங்ஷான் பூங்காவுக்குப் போங்கள். கட்டணம் 2 யுவான். குன்று 45 மீட்டர்தான், படிகளில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறுங்கள். உச்சி மண்டபத்தின் தெற்குப் பக்கம் நின்றால் தடைசெய்யப்பட்ட நகரம் என்ற பழைய அரண்மனை வளாகத்தின் மஞ்சள் ஓடுகள் அத்தனையும் வெள்ளையாகக் கீழே கிடக்கும், மேற்கே திரும்பினால் பெய்ஹாயின் தூபி. ஏழரைக்கு முன் போய்ச் சேர்ந்தால் முன்வரிசையில் இடம் கிடைக்கும்.